பந்தயக் காரும் கம்பமெட்டு ஜீப்பும்

"ஹூண்டாய் ஜெயிச்சிருச்சுண்ணே!"

கம்பத்திலே, காலை ஆறரை மணிக்கு, தேநீர்க் கடை வாசலிலே இப்படி ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். கையிலே கைப்பேசி, சட்டையிலே கிரீசுக் கறை, முகத்திலே முழுநிலவு! நம் படிப்பகத்துக்கு நாள் தவறாமல் வருகிற இளந்தோழர். ஜீப்பு பழுதுபார்க்கும் பட்டறையிலே வேலை. தேர்தல் வெற்றியோ, தொழிற்சங்க வழக்கிலே வெற்றியோ என்று நான் எண்ணிவிட்டேன். அஃதொன்றுமில்லை, 2018ஆம் ஆண்டு உலகக் கார்ப் பந்தயக் கோப்பையிலே ஹூண்டாய் பட்டம் வென்ற படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுகள் பல ஓடிவிட்டன; அவருக்கோ அன்று காலைதான் அந்த வெற்றி கிடைத்தது.

"நம்ம மெட்ராசுல செய்யிற காருண்ணே!" என்றார். பெருமை! யாருக்குத்தான் இராது? இருங்காட்டுக்கோட்டையிலே நம் பிள்ளைகள் முடுக்கிய திருகாணி உலகை வென்றதென்றால், உள்ளம் பூரிக்காதா?

ஆனால் தோழர்களே, பூரிப்பதற்கு முன்னே கொஞ்சம் புரிந்துகொள்வோமே!

வென்ற கார் இருங்காட்டுக்கோட்டையிலே செய்ததல்ல. ஐ30 என் டிசிஆர் என்று அதற்குப் பெயர். செருமனி நாட்டிலே ஆல்செனா என்ற ஊரிலே ஹூண்டாய் நிறுவனம் வைத்திருக்கும் பந்தயப் பட்டறையிலே உருவானது. 2017ஆம் ஆண்டு சீனாவிலே களம் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே வெற்றி கண்டது. மறு ஆண்டு, இத்தாலிக்காரர் தர்கினி, ஐம்பத்தாறு வயதிலே, இதே காரை ஓட்டி உலகக் கோப்பையைத் தட்டிச் சென்றார். 2019இலே அங்கேரி நாட்டு மிக்கெலிசு. 2022இலே எலான்ட்ரா என்ற வேறொரு ஹூண்டாய் காரிலே இசுபானியர் அசுகோனா. மூன்று பட்டம்! ஐம்பத்தாறு வயது என்பதைக் கேட்டதும் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு கணம் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "எனக்கும் அம்புட்டுத்தாம்பா வயசு" என்றார். ஆமாம், ஐயா! உங்களுக்கும் ஒரு கார் கிடைத்திருந்தால்!

இந்தப் பந்தயம், நரேன் கார்த்திகேயன் ஓட்டினாரே, சக்கரம் நான்கும் வெளியே தெரிய, ஓராள் மட்டும் அமரும் ஊசி போன்ற வண்டி, அந்தப் பந்தயமல்ல. இது 'டூரிங் கார்' பந்தயம். டாக்டர் வீட்டு வாசலிலே நிற்கும், திருமண மண்டபத்து முன்னாலே நிற்கும், அந்தக் காரின் உருவந்தான். கதவு உண்டு, கூரை உண்டு, முகப்பிலே கம்பெனியின் முத்திரை உண்டு. ஆலையிலே செய்து சந்தையிலே விற்கும் காரை அடிப்படையாகக் கொண்டுதான் பந்தயக் காரைக் கட்டவேண்டும் என்பது சட்டம். இரண்டு லிட்டர் எஞ்சின், முன்சக்கர இழுப்பு, ஏறத்தாழ 350 குதிரைத் திறன். டிசிஆர் முறையிலே இன்னொரு வேடிக்கை: கம்பெனி வண்டியைக் கட்டி விற்கும், வாங்கிக்கொண்டு ஓட்டுவது தனிக் குழுக்கள். ஓடுவது குழுவின் செலவிலே; ஒளிர்வது கம்பெனியின் பெயர்!

ஏன் நுழைகிறார்கள் இந்தப் பந்தயத்திலே? கோப்பை மோகமா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வென்றால் திங்கட்கிழமை விற்கும். அமெரிக்க வணிகர்களின் பழைய கணக்கு இது. உங்கள் வீட்டுக் காரின் உருவத்திலேயே ஒன்று உலகை வெல்லக் கண்டால், கடன் வாங்கியாவது அந்தக் காரை வாங்கமாட்டீர்களா? 'என்' என்ற எழுத்தைப் பொறித்து ஐ20 காரை 2021இலே இங்கேயும் விற்பனைக்கு விட்டார்கள். கொரியாவிலே ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் நம்யாங், செருமனியிலே பந்தயப் பாதை இருக்கும் நூர்பர்கிரிங், இரண்டு ஊருக்கும் முதலெழுத்தாம் அது. இருங்காட்டுக்கோட்டைக்கும் ஓர் எழுத்து ஒதுக்கியிருக்கலாம், போகட்டும்.

இருங்காட்டுக்கோட்டை என்றேனே, அந்த ஊரை நினைத்தால் வியப்புத்தான்! சோழவரத்திலே, உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையிலே, ஃபியட்டும் ஹெரால்டும் சீறிப் பாய்ந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு 1990இலே, மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் இருங்காட்டுக்கோட்டையிலே தனிப் பந்தயப் பாதையே போட்டார்கள். அதே ஊரிலே ஹூண்டாய் ஆலை எழுந்தது. 1998இலே முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. ஒரே ஊர். ஒருபுறம் கார் பிறக்கும் இடம்; மறுபுறம் கார் பறக்கும் இடம்!

இனி, அந்தப் பந்தயக் காருக்குள்ளே எட்டிப் பாருங்கள். பின்னிருக்கை இல்லை, மெத்தை இல்லை, பாட்டுப்பெட்டி இல்லை. இருப்பது ஒரே இருக்கை. அதைச் சுற்றி, கூரையிலும் பக்கங்களிலும் குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூண்டு. கார் ஏழு குட்டிக்கரணம் போட்டாலும் அந்தக் கூண்டு நசுங்கலாகாது. ஓட்டுநர் தோளையும் இடுப்பையும் பல முனைகளிலே இறுக்கிப் பிடிக்கும் வார்கள்; தலைக்கவசம்; கழுத்து முறியாதிருக்கத் தனிக் காப்பு; தீப்பற்றாத உடை; பக்கத்திலேயே தீயணைப்பான். ஓர் உயிர்! அந்த ஓர் உயிருக்கு இத்தனை காவல்!

தவறா? தவறென்று யார் சொன்னது? தர்கினியும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அந்தக் காவல் அறிவு கம்பெனியிடம் இருக்கிறதே, அது நமக்கு எப்போது கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

2014ஆம் ஆண்டு சனவரித் திங்கள். குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவிலே விற்கும் ஐந்து சிறு கார்களை எடுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்திலே மோதவிட்டுப் பார்த்தது. உள்ளே மனிதனில்லை, பொம்மை. டாட்டா நானோ, மாருதி ஆல்ட்டோ 800, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வேகன் போலோ. பெரியவர்களைக் காக்கும் திறனுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தரலாம். கிடைத்தது எத்தனை? சுழி! ஐந்துக்கும் சுழி!

போலோவைப் பாருங்கள். 2010இலிருந்தே இந்தியாவிலே 'போலோ கோப்பை' என்று பந்தயம் நடத்தியவர்கள் அந்தக் கம்பெனியார். 2013இலே காடுமேடெல்லாம் பாய்கிற ராலிப் பந்தயத்திலே உலகப் பட்டம் வென்ற கார் போலோ! பட்டம் வென்ற ஈரம் காயுமுன்னே, நம் சந்தைப் போலோவுக்குச் சுழி. ஏன்? ஏர்பேக் இல்லை. மோதும் நொடியிலே விரிந்து முகத்தையும் மார்பையும் தாங்குமே, அந்தக் காற்றுப்பை. இரண்டு பை வைத்த அதே போலோவை மோதவிட்டார்கள், நான்கு நட்சத்திரம்! உடல் அதுதான், எஞ்சின் அதுதான். பை இரண்டு கூடிற்று, சுழி நான்காயிற்று. சேதி வெளிவந்ததும் கம்பெனியார் பையில்லாத வண்டியை விற்பதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தினார்கள், மகிழ்ச்சி! வெளிச்சம் விழும்வரை காத்திருந்தார்களே, அதற்கென்ன பெயர்?

ஹூண்டாயின் கதையைத் தொடர்வோம். 2018, 2019 என்று இரண்டாண்டு உலகப் பட்டம் சூடியவர்கள். 2020இலே அவர்களுடைய கிராண்ட் ஐ10 நியோசு இதே மோதல் தேர்விலே பெற்றது இரண்டே நட்சத்திரம். பந்தயப் பாதையிலே முதல் மாணவன். பள்ளிக்கூடத்திலே கடைசி வரிசை! பிறகு 2023இலே வெர்னா ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரிலே எல்லாக் கார்களுக்கும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தார்கள். ஆக, முடியாததல்ல. தெரியாததுமல்ல. 2014இலே தெரியாத வித்தையா 2023இலே வானத்திலிருந்து குதித்தது?

இடையிலே சட்டமும் நகர்ந்தது, ஆமை நகர்வதுபோல. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்பது 2019 சூலையிலே. பக்கத்து இருக்கைக்கு, எல்லா வண்டியிலும், 2021 முடிவிலே. பின்னாலே அமரும் நம் அம்மாவுக்கும் பிள்ளைக்குமாகச் சேர்த்து ஆறு பை கட்டாயம் என்று ஒன்றிய அரசு பேசியது. பேசிவிட்டு, 2023இலே, கட்டாயமில்லை என்று கைகழுவியது. பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே நட்சத்திரத் தேர்வு 2023 அக்டோபர் முதல் நாள் தொடங்கியது. நல்லது! ஆனால் கம்பெனி விரும்பினால்தான் தேர்வு. தேர்வுக்கு வருவதா வேண்டாமா என்பதை மாணவனே முடிவு செய்யும் பள்ளிக்கூடம் இது ஒன்றுதான்!

பந்தயமே பணக்காரர் பொழுதுபோக்கு, இழுத்து மூடு என்று கூறும் தோழர்கள் சிலர் உண்டு. அவர்களோடு நான் இல்லை. நம் லாரித் தோழன் ஓட்டுகிறானே, அவன் பின்னாலே வருவதைக் காட்டும் கண்ணாடி. அதைக் காரிலே பொருத்திப் பேர்பெற்றவர் 1911இலே அமெரிக்காவின் இண்டியானாபொலிசுப் பந்தயத்தை வென்ற ஹாருன் என்பவர். டிஸ்க் பிரேக்குப் போட்ட ஜாகுவார் 1953இலே பிரான்சு நாட்டு லெமான் பந்தயத்தை வென்றபிறகுதான் அந்தப் பிரேக்கின் பெருமை உலகுக்குத் தெரிந்தது. பந்தயப் பாதை கார்களுக்குப் பல்கலைக்கழகம். அங்கே படித்தது சாலைக்கு வரவேண்டும். 1959இலே வால்வோ கம்பெனியின் பொறியாளர் நில்சு போலின், மூன்று முனை இருக்கை வாரைக் கண்டுபிடித்தார். கம்பெனி என்ன செய்தது? காப்புரிமையைப் பூட்டி வைக்கவில்லை; எவரும் செய்துகொள்ளுங்கள் என்று திறந்துவிட்டது. அவர்களும் முதலாளிகள்தான்!

நட்சத்திரக் கணக்கு காருக்குள்ளே அமர்ந்தவர்களுக்கு. காரே இல்லாதவர்களுக்கு?

விடிகாலை நான்கரை மணிக்குக் கம்பத்துக்கு வாருங்கள், கூடலூருக்கு வாருங்கள், போடிக்கு வாருங்கள். தூக்குவாளியும் துண்டுமாகத் தாய்மார்கள் நிற்பார்கள். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு, இந்த மூன்று மலைப்பாதை வழியே, எல்லை தாண்டி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகவேண்டும். ஜீப்பு வருகிறது. பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியிலே பதினாறு பேர் என்றால் அன்று கூட்டம் குறைவு. முழங்காலோடு முழங்கால் இடிக்கும் நீளப் பலகை. பின்னாலே கதவில்லை; கம்பியைப் பிடித்த கைதான் கதவு! தலைக்கு மேலே வளைத்த மெல்லிய குழாய், அதன்மேலே தார்ப்பாய். அந்தக் குழாயைக் கவனியுங்கள், தோழர்களே! பந்தயக் காரிலும் தலைக்குமேல் குழாய்தான். ஒருவன் உயிரைத் தாங்க. இங்கேயும் குழாய்தான், தார்ப்பாயைத் தாங்க!

2022 திசம்பர் 23ஆம் நாள் இரவை நம் மாவட்டம் மறக்குமா? ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து சபரிமலை போய்த் திரும்பிய வண்டி, குமுளி மலைப்பாதையிலே பள்ளத்திலே உருண்டது. எட்டு உயிர்! மாலை போட்டுப் போனவர்களைத் துணி மூடிக் கொண்டுவந்தார்கள். கடவுள் காக்கவில்லையா என்ற விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். பாதையோரத் தடுப்பும், வண்டியின் கூரையும், இடுப்பு வாரும் மனிதன் செய்யவேண்டியவை.

இதையெல்லாம் அன்று அந்த இளந்தோழரிடம் சொன்னேன். தேநீர் ஆறிவிட்டது. "அப்ப ரேசு பாக்கக் கூடாதாண்ணே?" என்றார், முகம் சுருங்கி.

"பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. கோப்பையை மட்டும் பாக்காம கூண்டையும் பாருங்க. இப்பப் பட்டறையில நிக்கிதே ஜீப்பு, அதுல எத்தனை பேர் போறாங்க?"

"பதினஞ்சு, பதினாறு."

"பெல்ட்டு எத்தனை?"

சிரித்தார். "தார்ப்பா கட்டுற கயிறு இருக்குண்ணே."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரே சொன்னார்: பக்கவாட்டுப் பலகையைத் தரையோடு பிடிக்கிற போல்ட்டு இரண்டு அந்த ஜீப்பிலே கழன்றுபோய்க் கிடக்கிறதாம். உரிமையாளர் பிரேக்கு மட்டும் பார்க்கச் சொன்னாராம். பலகைக்குத் தனிக் கூலி தரமாட்டாராம். "நானே போட்டு விட்டுர்றேன், ரெண்டு போல்ட்டுதான" என்று கிளம்பினார்.

நமது சங்கங்கள் கேட்கவேண்டியவை இரண்டு. பாரத் என்கேப் தேர்வு விருப்பம் என்றிருப்பதைக் கட்டாயம் என்று மாற்றி, விற்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் நட்சத்திரக் கணக்கை ஒட்டச் செய்யவேண்டும். சுழியானால் சுழியையும் ஒட்டவேண்டும். மற்றொன்று, ஏலத்தோட்டப் பருவத்திலே, விடிகாலை நான்கரைக்கும் ஐந்தரைக்கும், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலைக்கு அரசுப் பேருந்து. இடுக்கி மாவட்டத் தோட்ட முதலாளிகளும் கட்டணத்திலே பங்கு தரட்டும், காய் அவர்களுடையதுதானே! மனுவை எழுதத் தொடங்கிவிட்டோம். கையெழுத்திட வருகிற தோழர்கள், ஜீப்பிலே போகிற தாய்மாரையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் கைநாட்டுத்தான் முதலிலே இடம்பெறவேண்டும்.