துடிப்பை எண்ண யாருக்குத் தீட்டு?

பேங்கில் பணம் எண்ணுகிறவன் நான். ஒரு நூறு ரூபாய்த் தாள் குறைந்தால் அன்று சாயங்காலமே என் கையிலிருந்து கட்ட வேண்டும். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு குறைந்தால் யார் கட்டுவது?

உடன்குடிப் பக்கம் ஒரு காலனி எங்களுடையது. தங்கச்சிக்கு முதல் பேறுகாலம். விலாசம் கேட்டார்கள். 'காலனி' என்றதும் நர்சின் முகம் மாறியது. "தண்ணி பச்சையாப் போகுதும்மா" என்று அம்மை கத்தினாள். பிள்ளை திணறலாம் என்பதற்கு அது அடையாளம். அம்மையை வெளியே தள்ளினார்கள். உள்ளே, "படுக்கத் தெரிஞ்சவளுக்கு முக்கத் தெரியலியோ" என்று ஏச்சு, தொடையில் அடி, வயிற்றின் மேல் முழங்கையால் அமுக்கு. துடிப்பு கேட்டவர் ஒருவருமில்லை. பிள்ளை நீலம்பாரித்து வந்தது. அழவேயில்லை. பிறகு கேஸ் ஷீட்டைப் பார்த்தேன்: 140, 140, 140. ஒரே மூச்சில் எழுதியது. எண்ணாமல் எழுதிய கணக்குக்கு எங்கள் பேங்கில் பெயர் மோசடி.

விதி என்றார்கள். விதியல்ல, தோழர்களே. கர்ப்பப்பை வாய் முழுசாய்த் திறந்தபின் ஒவ்வொரு வலியிலும் நஞ்சுக்குப் போகிற ரத்தம் குறையும்; வலி விட்டதும் பிள்ளை தேறும். தேற இடைவெளி இல்லாவிட்டால் திணறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது: இந்தக் கட்டத்தில் 5 நிமிடத்துக்கொருமுறை துடிப்பைக் கேள், வயிற்றை அமுக்காதே. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சரி. குறைந்து மீளாவிட்டால் வலியூட்டும் டிரிப்பை நிறுத்து, தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வை, டாக்டரைக் கூப்பிடு. தலை இறங்கியிருந்தால் வாக்குவம் அல்லது ஆயுதம், இல்லையேல் ஆபரேஷன்.

துடிப்பு கேட்கப் பெரிய மெஷின் வேண்டாம். நூறாண்டுப் பழைய பினார்டு குழலும் ஒரு கடிகாரமும் போதும். குழலின் ஒரு முனை தாயின் வயிற்றில், மறுமுனை கேட்பவர் காதில். நடுவே ஒரு சாண்தான். தீட்டுப் பார்க்கிறவருக்கு அந்தத் தூரம் போதாது.

நர்ஸ் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஆனால் அடிக்க ஆள் இருந்தது, எண்ணத்தான் ஆள் இல்லை.

பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே விநாடி பிசகாமல் எண்ணுவார்கள். எண்ணத் தெரியாத நாடல்ல இது. யாருக்காக எண்ணுவது என்பதில்தான் சாதி இருக்கிறது.

மாணவர்களே, பேறறையில் துணைக்கு ஒருத்தி நிற்கலாம் என்று 2016இலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு வாங்குங்கள். கேஸ் ஷீட் நகல் கேளுங்கள். ஒவ்வொரு எண்ணையும் எத்தனை மணிக்கு, யார் கேட்டார் என்று கேளுங்கள்.

அம்மை இன்னும் அந்தப் பச்சைத் தண்ணியைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. அன்றைக்கு அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் போதும்.