மொட்டை டயரும் விதியின் மீதான பழியும்

ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்தால் நமது பத்திரிகைகளுக்கு இரண்டு காரணங்கள் ஆயத்தமாக இருக்கும். ஒன்று, ‘பிரேக் இயங்கவில்லை’. மற்றது, ‘சாரதியின் கவனயீனம்’. இரண்டும் பொருந்தாவிடில் இருக்கவே இருக்கிறது விதி.

2025 மே 11 இல் கொத்மலை, கெரண்டியெல்லவில் 20 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இல் எல்ல - வெல்லவாய வீதியில் மேலும் 15 உயிர்கள் போயின. அவற்றின் காரணங்களை விசாரணைகள் கூறட்டும். நான் கேட்பது வேறு: அன்றாடம் நாம் ஏறிச் செல்லும் வாகனங்களின் டயர்களை யார் பார்க்கிறார்கள்?

பிரேக் நிறுத்துவது சில்லை மட்டுமே. வாகனத்தை நிறுத்துவது, வீதியைத் தொட்டுநிற்கும் டயரின் சிறு பரப்பு. காரில் அது ஓர் உள்ளங்கையளவுதான். ‘மொட்டை டயரும் நன்றாகத்தானே பிடிக்கிறது’ என்பார்கள். உலர்ந்த தாரில் அது ஓரளவு உண்மை. ஆனால் மழையில், நீரை வெளியேற்ற வேண்டிய பள்ளங்கள் தேய்ந்திருந்தால், டயர் வீதியை விட்டு நீரின் மேல் மிதக்கிறது. அப்போது புத்தம்புதிய பிரேக்கும் பயனற்றது. வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரித்தானியாவில் காரின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீற்றரை விடக் குறைந்தால் குற்றம். ஆண்டுப் பரிசோதனையிலும் அந்த வாகனம் தேறாது. இங்கோ காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. பள்ளத்தின் ஆழத்துக்கு அப்படியொரு சான்றிதழை எவரும் கேட்பதில்லை. புகைக்கு இருக்கும் மரியாதை உயிருக்கு இல்லை.

டயரின் விலையைச் சொல்லி உரிமையாளர்கள் முறையிடுகிறார்கள். 2022 இன் நெருக்கடிக்குப் பின் அது வெறும் சாட்டு அல்ல. அப்படியானால் பயணிகள் பஸ்களின் டயருக்கு அரசு வரிச்சலுகை வழங்கட்டும். வழங்கியபின் கண்டிப்பாகப் பரிசோதிக்கட்டும். 1876 இல் ஹெனரத்கொடையில் றப்பர் கன்றுகளை நட்ட நாடு இது. இன்று உலகுக்கு டயர் ஏற்றுமதி செய்யும் நாடு. தன் மக்களை மொட்டை டயரில் ஏற்றி அனுப்புவது வறுமையால் மட்டும் நேர்வதன்று, அலட்சியத்தாலும் நேர்வது.

பள்ளத்தை அளக்கும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் ஒரு பொலிஸ்காரரின் கையில் அதனைக் கொடுங்கள். விதியை அதன் பிறகு பழிக்கலாம்.