அவர்கள் வாயில் நம் மறையுரை

திருவிழா மலருக்கென்று இளைஞர்கள் எழுதித் தந்த 11 சிறுகதைகளை அண்மையில் ஒரே அமர்வில் படித்து முடித்தோம். கதைகள் 11, பேசியவரோ ஒருவரே. கூலிக்காரர் பேசினார், கல்லூரி மாணவி பேசினாள், குடிகாரக் கணவன் பேசினான், மரணப் படுக்கையில் கிடந்த பாட்டியும் பேசினாள். அனைவரும் முற்றுப்பெற்ற வாக்கியங்களில், முன்னுரை பொருளுரை முடிவுரையோடு பேசினார்கள். எங்கோ கேட்ட குரலாயிற்றே என்று எண்ணிப் பார்த்தோம். ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து ஒலிக்கும் நம்முடைய குரலே அது!

ஆகவே இக்குற்றச்சாட்டை முதலில் நம்மீதே சுமத்திக்கொண்டு எழுதுகிறோம். கதையில் அடுத்தவரைப் பேச விடுகிறோமா, அல்லது அவர் வாயை வாடகைக்கு எடுத்து நாமே பேசிக்கொள்கிறோமா? இதுவே நம் வழக்கு.

இளங்குருவாக இருந்த நாள்களில் நாமும் கதை எழுதியதுண்டு. அறந்தாங்கிக்குக் கிழக்கே கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், கடலுக்குப் போன மகன் திரும்பாத தாய் ஒருத்தியைப் பற்றியது அக்கதை. செய்தி வந்த மாலையில் அவள் பேசுவதாக ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தோம். துன்பத்தின் பொருள், இறைத்திட்டத்தின் ஆழம், மறுவாழ்வின் நம்பிக்கை என்று குருமடத்தில் கற்ற அனைத்தையும் அந்த ஏழைத் தாய் ஒப்பித்தாள். பெருமையோடு அதை ஓர் அன்பியக் கூட்டத்தில் வாசித்தோம். அதே துயரத்தை அனுபவித்த ஒரு மூதாட்டி பின்வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து, “அன்னைக்கி நான் ஒண்ணுமே பேசலையே, சாமி” என்றார்.

அதன்பின் நாம் கதை எழுதவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு வாய்திறவாமல் தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கவுரை ஆற்றத் தொடங்கிய பின்னரே கெட்டது. நாம் செய்ததோ அதனினும் கொடிது. யோபுவின் வாயிலேயே அந்த விளக்கவுரையைத் திணித்தோம்.

இக்குற்றம் பல வேடங்களில் வரும். இருவருக்கும் தெரிந்த செய்தியை ஒருவர் மற்றவருக்குச் சொல்லுவது முதல் வேடம். ஒரு கதையில் தம்பி சொல்லுகிறான்: “அண்ணா, நம் தந்தை மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் நிலத்தில் நீங்கள் தனியே உழைக்கின்றீர்கள். நானோ சென்னையில் வசிக்கின்றேன்.” அண்ணனுக்கு இது தெரியாதா? வாசகருக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியின் தலையில் ஏற்றிவிட்டார் எழுதியவர். நம் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. இங்கே அத்தம்பி ஊருக்கு வந்தால் எப்படிப் பேசுவான்?

“கால்வாயில தண்ணி வந்துருச்சாமேண்ணே?”

“தண்ணி வந்துச்சு.”

இவ்வளவு சொல்லிவிட்டு அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். தண்ணீர் வந்தது, நீ வரவில்லை என்பதை வாசகர் கேட்டுக்கொள்வார். மனிதர் தம் மனத்தில் உள்ளதை அப்படியே சொல்லுவதில்லை. அதைச் சுற்றிச் சுற்றியே பேசுவர். ஏரோதின் முன் இயேசு ஒரு மறுமொழியும் சொல்லவில்லை என்று லூக்கா எழுதுகிறார். அம்மௌனத்தைவிடப் பெரிய மறுமொழியை எந்த எழுத்தாளர் எழுதிவிட முடியும்?

இரண்டாவது வேடம் அலங்காரம். ‘என்றான்’ என்று எழுதக் கூசி, ‘செப்பினான்’, ‘பகர்ந்தான்’, ‘மொழிந்தான்’ என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். போதாதென்று ‘கடுங்கோபத்துடன்’, ‘தாங்கொணாத் துயரத்துடன்’ என்று சேர்க்கிறார்கள். பேச்சிலே கோபம் இருந்தால் அதற்கு வெளியே கோபம் எதற்கு? பத்து ஆண்டுகளாக ‘வாங்க’ என்று அழைத்த சம்பந்தியை ஒருநாள் வாசலில் நின்று ‘வா’ என்றால், அவ்வோர் எழுத்துக்குள் ஒரு குடும்பச் சண்டையே அடங்கிவிடும். இத்தகைய செல்வத்தை உடைய மொழியில் எழுதுகிறவருக்குப் பகட்டுச் சொல் எதற்கு?

மூன்றாவது வேடமே நம்மை மிகவும் வருத்துவது. அந்த 11 கதைகளில் சிலவற்றில் பேச்சுத்தமிழ் இருந்தது. பேசியவர் யார்? வீட்டு வேலைக்காரி, மாடு மேய்ப்பவர், துப்புரவுத் தொழிலாளர். அதே பக்கத்தில் ஆசிரியரும் நிலக்கிழாரும் பங்குக்குருவும் தூய செந்தமிழில் உரையாடினர். அறந்தாங்கியின் எந்தத் தெருவில் இது நடக்கிறது? தலைமையாசிரியரும் தம் வீட்டில் ‘வந்துருச்சு’ என்றுதான் சொல்லுகிறார், நாமும் அப்படியே. எல்லாரும் பேசும் பேச்சை ஏழைக்கு மட்டும் எழுதிக்காட்டுவது அவரைச் சிரிப்புக்கு உள்ளாக்குவதாகும். கதைக்குள்ளும் நாம் தனிப் பந்தி வைக்கிறோம். 1992இல் வெளிவந்த ‘கருக்கு’ நூலில் பாமா, பேச்சை மட்டுமன்று, கதை சொல்லும் மொழியையே தம் மக்களின் மொழியாக்கினார். கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய அவர் திருச்சபைக்குள் நிலவும் சாதியைப் பற்றி அம்மொழியிலேயே நம்மிடம் கேட்டவை கசந்தன. செந்தமிழில் கேட்டிருந்தால் எளிதாக மறந்திருப்போம்.

இங்கே இரு தரப்பினர் நம்மை மறுப்பார்கள். கொச்சைப் பேச்சை அச்சேற்றினால் தமிழ் கெடும் என்பர் ஒரு சாரார். வழக்கையும் செய்யுளையும் ஒருசேர ஆராய்ந்து எழுந்த நூல் என்றே தொல்காப்பியத்தின் பாயிரம் அந்நூலை அறிமுகம் செய்கிறது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் செந்தமிழுக்கு மட்டுமின்றிக் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. நற்செய்தியாளரும் இதை அறிந்திருந்தனர். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, யாயிரின் மகளை இயேசு எழுப்பிய சொற்களை அவர் பேசிய அரமேயத்திலேயே விட்டுவைத்தார். பேதுருவை அவருடைய கலிலேயப் பேச்சே காட்டிக்கொடுத்தது என்கிறார் மத்தேயு. எனினும் அளவு வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் சிதைத்து எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டியே களைத்துப்போவார். ஓர் ‘ஆத்தா’, ஓர் ‘அண்ணாச்சி’, ஒரு வினைமுற்றின் வால் போதும், ஊரும் உறவும் தெரிந்துவிடும்.

கதை நீதி சொல்ல வேண்டுமே என்பர் மற்றொரு சாரார். தமிழின் முதல் நாவலை எழுதியவர் நம்மவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பாத்திரங்கள் நீண்ட நீதியுரைகள் ஆற்றுவது உண்மையே. முன்னே தமிழில் வேறு வழிகாட்டி இல்லாதவர் அவர், அவரைக் குறைசொல்லோம். ஆனால் 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடங்கியபோதே மனிதர்கள் வீட்டில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் புதுமைப்பித்தன் நெல்லையை, கி. ராஜநாராயணன் கரிசலை, ஜோ டி குரூஸ் 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ வழியாகப் பரதவர் கடற்கரையைப் பேச வைத்தார்கள். நாம் இன்னும் 1879இலேயே நிற்பதற்கு என்ன சமாதானம் சொல்வது? அதற்கும் முன்னே, சங்க அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதே இல்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், புலவர் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பாடல்களில் அறம் குறைந்தா போயிற்று?

கதைகளைத் திருப்பிக் கொடுத்தபோது அவ்விளைஞர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்லுகிறோம். எழுதியதை உரக்க வாசியுங்கள்; நாக்கு தடுக்கும் இடத்தில் பேசுபவர் உங்கள் பாத்திரம் அல்லர், நீங்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால் அவர் இன்னும் பிறக்கவில்லை. நம் பேருந்து நிலையத்தில் பேனாவும் தாளும் இன்றி அரைமணி நேரம் அமர்ந்து கேளுங்கள். முக்கியமாக, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

அவர் என்ன சொல்வாரோ என்று அஞ்ச வேண்டாம். நமக்குச் சொன்ன அம்மூதாட்டி இப்போது இல்லை. மறையுரை எழுத அமரும்போதெல்லாம் அவருடைய அந்த ஒற்றை வாக்கியம் நம் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது. நாம் எழுதிய ஒரு பக்கத்தில் இல்லாத உயிர் அதில் இருக்கிறது.