நிறுவனக் கணினியா, நாம் இணைத்த கணினியா?

நுழையுமுன்: உங்கள் வீட்டில் மின்கருவி ஒன்று பழுதுபட்டபோது என்ன செய்தீர்கள்? வகுப்பில் பகிர்ந்துகொள்க.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லையூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய வீடொன்றில், பிள்ளையின் படிப்புக்காகக் கணினி வாங்க வேண்டும் என்று பேச்செழுந்தால் இரண்டு கருத்துகள் தோன்றுவது இயல்பு. "பெயர்பெற்ற நிறுவனத்தின் கணினியையே வாங்குவோம், அதுதான் நம்பகமானது" என்பார் அப்பா. "கோயம்புத்தூருக்கோ தேனிக்கோ சென்று உறுப்புகளை வாங்கி இணைத்துக்கொண்டால் செலவு குறையுமே" என்பார் மாமா. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இருவரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. இக்கணினி பழுதுபட்டால் அதனைச் சரிசெய்பவர் யார்? விலையையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னர் இந்த வினாவுக்கே விடை தேட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். நிறுவனக் கணினியும் பல இடங்களிலிருந்து வந்த உறுப்புகளை இணைத்து உருவாக்கப்பட்டதே ஆகும். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் செயலியை இன்டெல் நிறுவனமும், இயக்க மென்பொருளை மைக்ரோசாப்ட் நிறுவனமும் வழங்கின. கணினியின் உள்ளமைப்பு விளக்கங்களை ஐ.பி.எம். நூலாகவே வெளியிட்டதால், அதற்குப் பொருந்தும் உறுப்புகளைப் பிறரும் செய்யலாயினர். 1984இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற மைக்கேல் டெல் என்னும் 19 வயது மாணவர், தம் விடுதியறையிலேயே கணினிகளுக்குக் கூடுதல் உறுப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அச்சிறு முயற்சியே பின்னாளில் உலகறிந்த நிறுவனமாயிற்று. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை, ஒரு நிறுவனத்தின் தாய்ப்பலகை மற்றொரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பொருந்துவதற்கு வழிவகுத்தது. ஆகவே, கணினியை இணைத்தல் என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நிகழும் அருஞ்செயல் அன்று. கற்றால் கைவரும் தொழிலே.

அப்படியானால், பெயர்பெற்ற நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்காக? பொறுப்புக்காக. எந்த உறுப்பு பழுதுபட்டாலும் ஒரே இடத்தில் முறையிடலாம். இது சிறிய நன்மை அன்று. ஆனால், அந்த 'ஒரே இடம்' எங்கே இருக்கிறது? மூணாற்றிலிருந்து எறணாகுளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை அடைபடும் நாள்களும் உண்டு. தொலைவில் உள்ள சேவை மையத்துக்கு முழுக்கணினியையும் சுமந்து செல்வதா, பழுதான நினைவகத்தை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுச் செல்வதா? உறுப்புகளை அறிந்தவர் இரண்டாவதைச் செய்வார். மேலும், சில நிறுவனங்கள் தமக்கே உரிய வடிவில் மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் அமைக்கின்றன. அவை பழுதுபட்டால் ஊர்க்கடையில் மாற்று கிடைப்பது அரிது. நாமே தேர்ந்து இணைத்த மேசைக்கணினியில் இவ்விடர் பெரும்பாலும் எழுவதில்லை.

கணினியை அறிந்து ஆளுதல் என்னும் இவ்வழியை நம் மாநிலப் பள்ளிகளும் காட்டியுள்ளன. 2001இல் கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டமே 2017இல் 'கைட்' என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. பள்ளிக்கணினிகளில் விலையுள்ள மென்பொருளுக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருளே இடம்பெற்றது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களில் கணினியின் வன்பொருளும் கற்பிக்கப்படலாயிற்று. வீட்டில் கணினியை இணைப்போரும் கட்டற்ற இயக்க மென்பொருளைப் பொருள்செலவின்றி நிறுவிக்கொள்ளலாம். உரிமம் பெறாத மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பதிவது சிக்கனம் ஆகாது, அது குற்றமாகும்.

எதிர்க்கருத்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கச் செல்வோருக்கு மடிக்கணினியே ஏற்றது. அதனை நாம் வீட்டில் இணைக்க இயலாது. உறுப்புகளைப் பற்றி அறிந்தவர் அருகில் எவரும் இல்லையெனில், நிறுவனக் கணினியே பாதுகாப்பானது. இணைத்துத் தரும் கடைக்காரர் சிலர் விலையைக் குறைத்துக்காட்டத் தரமற்ற மின்வழங்கியைப் பொருத்திவிடுவதும் உண்டு. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுதி. தரமற்ற மின்வழங்கி ஒன்று பழுதாகும்போது பிற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். எனவே, மலிவு ஒன்றையே கருதிக் கணினியை இணைப்பவர் இறுதியில் இருமடங்கு செலவழிக்க நேரலாம்.

இணைப்பது என முடிவுசெய்தால் சில நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் வரிசை எண்ணுடன் கூடிய தனிப் பற்றுச்சீட்டைப் பெறுங்கள். உத்தரவாதம் அச்சீட்டில்தான் நிற்கிறது. நல்ல மின்வழங்கிக்கும் யு.பி.எஸ். கருவிக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். வீட்டு மின்னிணைப்பில் நிலத்தொடர்பு சரியாக உள்ளதா எனப் பாருங்கள். மின்தொடர்பைத் துண்டித்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க மட்டுமே பெட்டியைத் திறங்கள். மின்வழங்கியின் உட்புறத்தை எந்நிலையிலும் திறவாதீர்கள்.

பழுதுநீக்கும் உரிமை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நம் நாட்டிலும் 2022இல் நடுவண் அரசு அதற்கென இணையவாயில் ஒன்றைத் தொடங்கியது. ஆனால், அறிவு இல்லாதவிடத்து உரிமை பயன்படாது. பெற்றோர் கொழுந்து பறித்தும் வயலில் உழைத்தும் சேர்த்த பணத்தில் ஒரு பொருள் வீட்டுக்கு வருகிறது. அது முதற்பழுதிலேயே மூலையில் முடங்கிவிடக் கூடாது. ஆதலால், கற்கவும் பழுதுநீக்கவும் ஆளுள்ள வீட்டுக்கு இணைத்த மேசைக்கணினியே சிறந்தது என்பேன். அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்
தாய்ப்பலகை – உறுப்புகளை ஒன்றிணைக்கும் பலகை, மதர்போர்டு
மின்வழங்கி – உறுப்புகளுக்கு ஏற்ற மின்சாரம் தரும் பகுதி, எஸ்.எம்.பி.எஸ்.
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்

சிந்தித்து எழுதுக
1. நிறுவனக் கணினிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எதற்காக என்று கட்டுரையாசிரியர் கூறுகிறார்?
2. கட்டுரையாசிரியர் ஏற்றுக்கொள்ளும் எதிர்க்கருத்துகள் இரண்டினை எழுதுக.
3. அப்பா, மாமா ஆகிய இருவருள் யார் கருத்து உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்? காரணங்களுடன் ஒரு பத்தி எழுதுக.