அணையில எத்தனை அடி?

போன தடவை ஊருக்குப் போனப்ப அக்கா மகன் சொன்னான்: "மாமா, இனிமே எல்லாமே மெட்டாவெர்ஸ்தான். கண்ணாடிய மாட்டுனா பிளவக்கல் அணையில நிக்கிற மாதிரியே இருக்கும்." இதை அவன் சொன்னது எங்க நின்னு தெரியுமா? பிளவக்கல் அணைக்கரையில :-) கையில இருந்த போன்ல ஒரு கோடு கூட இல்ல.

இது ஒண்ணும் புதுசு இல்ல மக்களே. செகண்ட் லைஃப் 2003லயே வந்துருச்சு. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல 2022 பிப்ரவரியில ஒரு ஜோடி, தாலி கட்டினது கிராமத்துல, வரவேற்பு வச்சது மெட்டாவெர்ஸ்ல. இறந்துபோன பொண்ணோட அப்பா, அவதாரமா வந்து நின்னார். படிச்சப்ப எனக்கும் தொண்டை அடைச்சது, ஒத்துக்கறேன்.

அதனால வெட்டி வேலைனு தள்ள மாட்டேன். என் கேள்வி வேற. இந்த உலகம் எதுல ஓடுது? கரண்ட்லயும் தண்ணியிலயும். சர்வர் சூடாகும், பல டேட்டா சென்டர்கள்ல தண்ணிய ஆவியாக்கித்தான் அதைக் குளிர வைக்கிறாங்க. தமிழக அரசு 2021ல டேட்டா சென்டருக்குனே தனிக் கொள்கை போட்டுச்சு. சிறுசேரி, அம்பத்தூர்னு சென்னையில கட்டிக்கிட்டே இருக்காங்க. அதே சென்னைக்குத்தான் 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி போச்சு. அதுக்கு முந்தின மாசம் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சிலது "தண்ணி இல்ல, வீட்டுல இருந்தே வேலை பாருங்க"ன்னு சொன்னாங்க. கொரோனாவுக்கு முன்னாடியே வொர்க் ஃப்ரம் ஹோம்!

ஒரு நாடு தயாரான்னு பாக்கிறவங்க நெட் வேகம், 5ஜின்னு மார்க் போடுறாங்க. போடட்டும். 5ஜி நமக்கும் 2022 அக்டோபர்ல வந்தாச்சு. ஆனா கோடையில சர்வருக்கா, குடத்துக்கான்னு ஒரு கேள்வி வந்தா? அந்தக் கணக்குக்கும் மார்க் போட்டாத்தான் நான் நம்புவேன்.

எங்க வத்திராயிருப்புப் பக்கம் அந்தக் கணக்கு ரொம்ப சுலபம். பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. மலையில மழை பேஞ்சா அணை, அணை தெறந்தா கண்மாய், கண்மாய் நெறஞ்சா நெல்லு. மேல இருக்கிற காடு 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. புலிக்குனு சொன்னாலும், காடு இருந்தாத்தான் எங்க ஓடையில தண்ணி நிக்கும். டீக்கடையில பெருசுங்க காலையில கேக்கிற முதல் கேள்வியே "அணையில எத்தனை அடி?"தான்.

அதையே மருமகன்கிட்ட கேட்டேன். "நெட்ல பாத்துச் சொல்றேன் மாமா"ன்னான்.

அங்கதான் டவர் இல்லயே. திரும்பி நின்னு எட்டிப் பாத்திருக்கலாம்.