மூணு கிலோவாட் யாருக்கு? நமக்கா, ஏஜெண்டுக்கா?

 

விருத்தாசலம் பீங்கான் கடையில் ஒரு ஜாடி வாங்கினாலும் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டுத்தான் காசு எடுப்போம். ஆனால் லட்சக் கணக்கில் விலையுள்ள சோலார் தகட்டை மட்டும், "மானியம் இருக்குங்க, கையெழுத்துப் போடுங்க" என்ற ஒரே வார்த்தைக்கு வாங்கிவிடலாமா?

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வீட்டுக்கூரை சோலார் திட்டத்தை அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம். திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. வெயில் நம்ம ஊர்ச் சொத்து. மக்காச்சோளமும் பருத்தியும் காய்கிற வெயிலில் கரண்ட் எடுப்பது நல்ல காரியம்தான். நாம் எதிர்ப்பது வேறு. வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், வருகிற ஏஜெண்ட் எல்லாம் "மூணு கிலோவாட் போடுங்க, மானியம் முழுசா வரும்" என்கிறாரே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

கணக்கைப் பாருங்கள்

நம்ம வீட்டில் 9 வாட் பல்பு அஞ்சு, அஞ்சு மணி நேரம். 75 வாட் ஃபேன் ரெண்டு, எட்டு மணி நேரம். 60 வாட் டிவி, நாலு மணி நேரம். கூட்டினால் நாளைக்கு 1.7 யூனிட்கூட முழுசாக இல்லை. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் இந்த 100 யூனிட் இலவசம். அதாவது இந்த வீட்டுக்கு பில்லே இல்லை. பில் இல்லாத வீட்டில் சோலார் எதை மிச்சம் பண்ணும்?

இதோடு ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் சேர்ந்தால் 200 யூனிட் வரும். 2024 ஜூலை கட்டணப்படி அதற்கு பில் 235 ரூபாய். 300 யூனிட் என்றால் 705 ரூபாய். 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய்.

ஒரு கிலோவாட் தகடு நம்ம பக்கத்து வெயிலில் நாளைக்குச் சுமார் 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட் தரும். இதற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத மொட்டைமாடி வேண்டும். விலையை 70 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக நம்ம கைக்காசு 40 ஆயிரம்.

200 யூனிட் வீட்டுக்கு வருஷ மிச்சம் 1,410 ரூபாய். போட்ட காசு திரும்ப 28 வருஷம்! 300 யூனிட் வீட்டுக்கு மிச்சம் 4,230, ஒன்பதரை வருஷம். 500 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் பொருந்தும். 1 லட்சத்து 40 ஆயிரத்தில் மானியம் போக 80 ஆயிரம். ஏழரை வருஷத்துக்குள் திரும்பும்.

இப்போது 300 யூனிட் வீட்டுக்காரர் ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு 3 கிலோவாட் போட்டால்? 2 லட்சத்தில் மானியம் போக 1 லட்சத்து 22 ஆயிரம் கைக்காசு. பில் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. மிச்சம் அதே 4,230 தான். காசு திரும்ப கிட்டத்தட்ட 29 வருஷம். தகட்டுக்குச் சொல்லும் ஆயுளோ 25 வருஷம். இதில் வங்கி வட்டியைச் சேர்க்கவே இல்லை. முழு மானியம் யாருக்கு லாபம் என்று இப்போது புரிகிறதா?

சொல்லாமல் மறைப்பது

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுபோகும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், அது சரிதான். இருட்டிலும் எரிய வேண்டுமானால் பேட்டரி வேண்டும், அது தனிச் செலவு. 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 5 சூரிய விளக்கு என்றார்கள். பேட்டரிக்கு வயசானால் மாற்றும் காசு யாருடையது? இதை முதலிலேயே கேளுங்கள்.

அதே 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம்ம கடலூர் மாவட்டத்தை என்ன பண்ணியது என்று யாரும் மறக்கவில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூரை மேலே தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் எந்தக் காற்றுக்குத் தாங்கும் என்று எழுதித் தராதவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஓட்டு வீடு, குடிசை வீட்டுக்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் இடமே இல்லை. நெய்வேலிக்கு நிலம் கொடுத்து நாட்டுக்கே வெளிச்சம் தந்த மாவட்டம் இது. இங்கே காரை வீடு உள்ளவனுக்கு மட்டும்தான் மானியமா?

நமது கோரிக்கைகள்

1. ஒரு வருஷத்து ஆறு பில்லையும் பார்த்து, எத்தனை கிலோவாட் பொருந்தும், எத்தனை வருஷத்தில் காசு திரும்பும் என்று தமிழில் எழுதித் தந்த பிறகே ஒப்பந்தம் போட வேண்டும்.

2. மானியம் வேலை முடிந்த பிறகு வங்கிக் கணக்கில் வருகிறது. அதுவரை முழுப் பணத்தையும் சிறு விவசாயி எங்கே புரட்டுவான்? சிறு, குறு விவசாயிக்கு மானியத்தை விலையிலேயே கழித்துக் கொடு!

3. மாடி இல்லாதவர்களுக்கு ஊர்ப் பொது இடத்தில் கூட்டாகத் தகடு போட்டு, வீட்டு வாரியாக யூனிட்டைப் பங்கிட வழி செய்!

4. பழுது பார்க்கும் ஆள் திட்டக்குடியிலோ விருத்தாசலத்திலோ இருக்க வேண்டும்.

5. சோலாரைக் காட்டி வீட்டு இலவச யூனிட்டிலும் விவசாய இலவச மின்சாரத்திலும் கை வைக்காதே! 1970-ல் ஏற்றிய ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லிப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1990-ல்தான் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது யாரும் போட்ட பிச்சை இல்லை.

விவசாயிகளே! கையெழுத்துப் போடும் முன் ஆறு பில்லையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம். பொருந்தினால் தைரியமாகப் போடுங்கள். பொருந்தாவிட்டால் ஏஜெண்டை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

கணக்குக் கேட்போம்! ஏமாற மறுப்போம்! ஒன்றுபடுவோம்!