உடற்கடிகாரமும் கைப்பேசியும்: பொழுதை வகுப்பவர் யார்?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடக மாநிலத்தின் எல்லையூராக அமைந்துள்ளது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் தொழிற்பேட்டை உண்டு. எல்லையைக் கடந்தால் ஓசூரின் தொழிற்சாலைகள். இருபுறமும் ஷிப்டு முறையில் உழைப்போர் பலர். இரவு வேலை முடித்து ஒருவர் வீடு திரும்பும் வேளையில், அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும். ஒரே தெருவில், சிற்சில இல்லங்களில் ஒரே கூரையின் கீழும், இரண்டு மூன்று விதமான பொழுதுகள் ஒருங்கே நடைபெறுகின்றன.

உடற்கடிகாரத்துக்கு இசைவாக அன்றாட வாழ்க்கையை வகுத்துத் தரும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றி இக்காலத்தில் பெரிதும் பேசப்படுகிறது. எப்பொழுது உறங்குவது, எப்பொழுது உண்பது, கருத்தூன்றிச் செய்யவேண்டிய வேலையை எவ்வேளையில் வைத்துக்கொள்வது என்பனவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லுவது இவற்றின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் அத்திபெலே போன்ற ஊரில் அத்தகைய செயலி பயன்பட வேண்டுமாயின், அது யாரிடம் பேச வேண்டும் என்னும் கேள்வியே முதலில் எழுகிறது.

உடலுக்குள் கடிகாரம் ஒன்று உண்டு என்பது கற்பனையன்று. 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்பின. மனித மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. உயிரணுக்களில் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனின் கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிஷத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என 1999-இல் வெளியான அளவீடு காட்டியது. இந்தச் சிறு மிகையை நாள்தோறும் திருத்தி அமைப்பது முதன்மையாகக் கண் வழியே புகும் வெளிச்சம்.

ஆனால் வெளிச்சம் ஒன்றே பொழுதை உணர்த்துவதன்று. இதனை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று மதுரையில் நடந்தது என்பது தமிழ் ஆசிரியர்கள் பெருமையுடன் மாணவர்க்குச் சொல்லத் தக்கது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும், மாரிமுத்து முதலிய அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் அருகிலுள்ள குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். வெளிச்சம் எட்டாத குகையினுள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தனர். அக்குகையில் உரிமையுடன் திரிந்த ஏனைய வௌவால்கள் மாலைதோறும் வெளியே பறந்து சென்று விடியுமுன் திரும்பின. கதிரவனையே காணாத கூண்டு வௌவால்களும் அவற்றின் போக்குவரவை ஒட்டித் தம் பொழுதைச் சரியாகக் காத்துக்கொண்டன. சக வௌவால்கள் இல்லாத குகையில் வைக்கப்பட்டபோதோ அவற்றின் கடிகாரம் உலகின் பொழுதிலிருந்து விலகி, தன்போக்கில் நடக்கலாயிற்று. இம்முடிவு 1981-இல் வெளியாயிற்று. பின்னர்ச் சந்திரசேகரன் பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் இத்துறையை வளர்த்தார்.

கூண்டு வௌவாலின் கதை மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வது அவசரமாகும். எனினும், வீட்டில் ஒருவருடைய பொழுது மற்றவருடைய பொழுதை இழுக்கும் என்பதற்குக் கைப்பேசியே சாட்சி சொல்லியிருக்கிறது. ஒடிசாவில் பிறந்து, கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற சச்சிதானந்த பாண்டா, அமெரிக்காவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு செயலியை அமைத்தார். உண்பதையும் பருகுவதையும் அவ்வப்போது படம் பிடித்து அனுப்புவதே அதில் சேர்ந்தோர் செய்யவேண்டிய வேலை. இந்த முறையைப் பின்பற்றி இந்தியாவில் 93 பேரிடம் 21 நாட்கள் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு நாளில் 15 மணி நேரமோ அதற்கு மேலோ பரவலாக உண்டு வந்தனர். பத்தில் ஒரு பங்கினரின் உணவு 20 மணி நேரம் வரை பரவியிருந்தது. இவர்கள் ஷிப்டு வேலை செய்வோரின் வாழ்க்கைத் துணைவர்களும், வேலைக்கு நிலையான நேரம் இல்லாதோரும் ஆவர். ஆலைக்குச் சென்றவர் ஒருவர். பொழுது குலைந்ததோ வீட்டில் இருந்தவருக்கும்.

எனவே, ‘இரவு 10 மணிக்கு உறங்குக’ என்று தனிமனிதனின் காதில் ஓதும் செயலி அத்திபெலேயின் தொழிலாளிக்கு உதவாது. அவர் உறங்கும் நேரத்தை வகுப்பவர் அவர் அல்லர். ஷிப்டு அட்டவணையும், நிறுவனத்தின் பேருந்தும், பிள்ளையின் பள்ளி மணியும் அதனை வகுக்கின்றன. தாம் மாற்ற இயலாத ஒன்றை மாற்றும்படி நாள்தோறும் நினைவூட்டப்படுபவர், சில நாளில் அச்செயலியை நீக்கிவிடுவார். அன்றேல் குற்றம் தம்முடையதே என்று எண்ணி வருந்துவார். இரண்டும் நன்மையன்று.

இதில் பணயமாக உள்ளது சோர்வு மட்டுமன்று. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோயை விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம் என்னும் வகையில், அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் அதனை வைத்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதே வகையில் நிறுத்தியது. அன்றியும் 2023-ஆம் ஆண்டில் கர்நாடகச் சட்டமன்றம், வார வரம்பை 48 மணியாகவே வைத்து, ஒரு நாளின் வேலையை 12 மணி வரை நீட்டிக்க இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் அதே ஆண்டில் நிறைவேறிய இத்தகைய மசோதா திரும்பப் பெறப்பட்டது. எல்லையின் இருபுறமும் வேலை நேரம் விவாதப் பொருளாக இருக்கும்போது, உழைப்போரின் உறக்கம் பற்றிய நம்பகமான கணக்கு இரு தரப்பினருக்கும் தேவை.

ஆகவே செயலியின் முதற்பணி அறிவுரையன்று, அளவீடு. இதிலும் அடக்கம் வேண்டும். கைப்பேசி உடற்கடிகாரத்தை நேரே பார்ப்பதில்லை. அசைவு, வெளிச்சம், உறங்கி எழும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கிறது. கடிகாரத்தின் நிலையைத் திட்டமாக அறிய, மங்கிய ஒளியில் உமிழ்நீரிலோ இரத்தத்திலோ மெலடோனின் என்னும் சுரப்பு உயரத் தொடங்கும் வேளையை அளக்க வேண்டும். ஊகத்தை ஊகம் என்றே செயலி சொல்லுதல் நேர்மை. மேனாட்டுச் செயலியைப் பெயர்த்தெழுதினாலும் போதாது. அத்திபெலேயில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பதினொன்றரை மணிக்கும் 13 மணிக்கும் இடையிலேயே நிற்கிறது. கதிரவனை ஒட்டிய நேரமோ இந்தியப் பொது நேரத்துக்குச் சராசரியாக 19 நிமிஷம் பிந்தியது. இவ்வேற்றுமைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது பணி, அந்தக் கணக்கை அட்டவணை வகுப்போர் முன் வைத்தல். ஆலை நிற்க முடியாது என்பர், உண்மையே. ஆனால் ஷிப்டு மாறும் திசையை மாற்ற இயந்திரத்தை நிறுத்த வேண்டியதில்லை. உடற்கடிகாரம் 24 மணியினும் சற்று நீண்டதாகையால், காலை, மாலை, இரவு எனப் பின்னோக்கித் தள்ளிச் செல்லும் மாற்றம் அதற்கு எளிது. எதிர்த் திசை கடினம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கனிமத் தொழிற்சாலை ஒன்றில் இவ்வாறு திசையை மாற்றி, வாரத்துக்கு ஒருமுறை என்பதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்கியபோது தொழிலாளரின் மனநிறைவும் உற்பத்தியும் உயர்ந்தன என 1982-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது.

ஆனால் அட்டவணை வகுப்போர் கையில் சேர வேண்டியது தொகுப்புக் கணக்கேயன்றித் தனி ஒருவரின் உறக்கப் பதிவு அன்று. ‘இவர் இரவில் சோர்பவர்’ என்னும் குறிப்பு மேலாளரிடம் சென்றால் அது வேலையிழப்புக்குக் காரணமாகலாம். பெயரை நீக்குதல், சம்மதம் பெறுதல், வேண்டும்போது அழித்தல் ஆகியவை செயலியின் அடித்தளத்திலேயே அமைய வேண்டும். பின்னர் ஒட்டவைக்கும் ஓட்டாக இருத்தல் கூடாது.

பள்ளிக்கும் இது பொருந்தும். பருவ வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. இதனைக் கருதியே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கலாகாது என 2014-இல் பரிந்துரைத்தது. முதல் பாடவேளையில் தூங்கி விழும் மாணவனைச் சோம்பேறி என்று அழைக்குமுன், அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், வீட்டில் எவர் எப்பொழுது வேலைக்குச் சென்றார் என்று ஆசிரியர் விசாரித்தல் தகும்.

செயலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் 24 கட்டங்கள் வரைந்து, உறங்கிய மணிகளைக் கறுப்பிட்டு, உண்ட மணிகளைப் புள்ளியிட்டு, இரண்டு வாரம் ஒரு குடும்பம் குறித்து வந்தால் போதும். களப்பணியாளர் இத்தகைய சில தாள்களைப் பெயரின்றிச் சேர்த்து அடுக்கிப் பார்ப்பாராயின், அவ்வூரின் உறக்கம் எங்கே உடைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கைப்பேசி இவ்வேலையை விரைவாகச் செய்யும்; அவ்வளவே. அந்தத் தாளை யாரிடம் காட்டுவது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும். உறங்க வேண்டியவரிடம் மட்டும் காட்டுவது பாதி வேலை. மணியடிப்பவரிடமும் காட்டுவதே முழு வேலை.